பிரிந்தவர்களுக்கான படிவம்

குன்னூர் பெட்ஃபோர்டில் பேக்கரிக்கு மேல்மாடி.
வர்க்கி வேகும் வாசனையில்
'ஏற்றுமதி ஆவணப் பிரிவு' என்று ஒரு பலகை.
பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும்.

முன்பு ஒரு சரக்குக்கு ஒரு கட்டுத் தாள்.
கொச்சியில் ஏறும் பெட்டி
அந்தப் பக்கம் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் செல்லும்.
தீவு கூட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு
தீவுக்கு ஒரு கட்டு, கூட்டத்துக்கு ஒரு கட்டு.
அதே தேயிலை, அதே கோத்தகிரிச் சரிவு,
மருந்தின் எச்சம் கோடியில் இத்தனை பங்கு என்று
அதே ஆய்வகத்தின் அதே கிறுக்கல்.
முத்திரைக் கட்டம் மட்டும்
இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருக்கிறது.

முதலாளி பெள்ளிராஜ் சொல்வார்:
"தனிக்குடித்தனம் போனவனுக்குத் தனிப் பத்திரிகை வெக்கணும்.
'குடும்பத்தாருடன்'னு போட்டு இனிமே தப்பிக்க முடியாதும்மா."
தாள் செலவு அவருடையது.
கழுத்து வலி என்னுடையது.

செவ்வாய்தோறும் திரையில் கிளைவ் வருவார்,
ஹல் நகரத்துக் கொள்முதல்காரர்.
பின்னால் மழை, நம் மழை மாதிரி அல்லாமல்
பக்கவாட்டில் பெய்யும் மழை.
"பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் போன வாரம்.
"மறுபடி சேர்வதாக இல்லை.
ஆனால் அவர்கள் விதியையே நாங்களும் வைத்துக்கொள்வோம், அநேகமாக.
விதி எழுதும் அறையில்
எங்களுக்கு நாற்காலி இருக்காது, அவ்வளவுதான்."
அப்புறம் எதற்கு வந்தீர்கள் வெளியே?
கேட்கவில்லை.
வாங்குகிறவரிடம் கேட்கக் கூடாதவை எனக்கு மனப்பாடம்.
அவரே சொன்னார், கேமராவைப் பார்க்காமல்:
"நான் போவதற்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

ஓட்டு.
இரண்டு நாடுகள் மேசையில் எதிரெதிரே அமர்ந்து
உனக்கு இத்தனை தலை, எனக்கு இத்தனை தலை என்று
எங்களைப் பங்கு வைத்தபோது
அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு படிவம்.
பெட்டியின் எடைக்குக் கட்டம் இருந்தது.
விருப்பத்துக்கு இல்லை.
ஹட்டன் பக்கத்துக் கொழுந்தை விட்டுக் கப்பலேறி
கோத்தகிரிக் கொழுந்தில் கை வைத்தார்.
எங்கள் இலக்கணத்தில்
விலகுவது செயப்பாட்டு வினை.
அதனாலோ என்னவோ
தானாக எழுந்து போனவர்கள் மேல்
எனக்கு ஒரு பொறாமையும்
கொஞ்சம் எரிச்சலும்.

வண்டிச்சோலையில் என் அறைக்குக் கீழே காட்டெருமைகள் வரும்.
பதினொன்று. கூடவே ஒன்று, கூட இல்லாமல்.
ஒரு கொம்பு முறிந்த கடா.
வனக்காவலர் நஞ்சனிடம் கேட்டேன், துரத்திவிட்டதா மந்தை?
"துரத்தல. அதுவாத்தான் போச்சு.
ஆனா மேயற இடத்தப் பாருங்க,
மந்தை காலைல மேஞ்ச சரிவு.
அதுங்க தலையத் தூக்குனா இதுவும் தூக்கும்.
சீசனுக்குப் பக்கத்துல வரும்.
யாரும் ஒண்ணும் கேக்காது.
முன்னால நடக்கறது மட்டும் அந்தக் கிழட்டுப் பசுதான்."

கணினியில் என் கோப்புகள்:
தீவு பழையது. தீவு புதியது.
தீவு இறுதி. தீவு இறுதி இரண்டு.
எதையும் அழிக்கவில்லை.
பேச்சுவார்த்தை முடிந்ததும்
பழையதே புதியதாக வரலாம்,
மேலே வேறு தேதியோடு.

இன்று விடியலில், உறைபனி உதறாத சாலையில்,
கொச்சிக்குப் போகிற லாரி நின்றுவிட்டது.
உள்ளே நூற்றிருபது மூட்டை,
டேஷ்போர்டில் என் இரண்டு கட்டும்.
மந்தை அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.
கடா நடுச்சாலையில்
மூக்கிலிருந்து புகை விட்டபடி,
பள்ளத்தையும் பார்த்து, வந்த மேட்டையும் பார்த்து.
ஓட்டுநருக்குப் போன் போட்டு
கப்பல் புறப்படும் நேரத்தைச் சொன்னேன்.
"எனக்குத் தெரியும்மா," என்றார் என்ஜினை அணைத்துவிட்டு,
"இதுகிட்ட சொல்லுங்க."